இடைநிலைப் பொருளில் மாசு: அறிகுறியிலிருந்து பிறப்பிடம் வரை

சேலம், மேட்டூர் வட்டாரத்து வேதி ஆலைகளில் மருந்து மூலப்பொருளுக்கான (மருந்தில் வேலை செய்யும் சேர்மத்துக்கான) இடைநிலைப் பொருள்களைத் தயாரிப்போரையும் அவற்றைச் சோதிக்கும் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தினரையும் மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்படுகிறது. ஒரு பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) ஸ்பெக்கை, அதாவது தர வரம்பை, தாண்டிவிட்டது என்று தெரிந்தவுடன் பெரும்பாலான இடங்களில் கை போவது மறுபடிகமாக்கலுக்குத்தான், அதாவது கரைத்து மீண்டும் படிகமாக்குவதற்குத்தான். அது பல சமயங்களில் அந்த பேட்ச்சைக் காப்பாற்றியும் விடுகிறது. ஆனால் மாசு எங்கே பிறந்தது என்பதற்கான தடயங்களையும் சேர்த்தே கழுவிவிடுகிறது. ஆகவே கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் மாசின் பிறப்பிடம் எது என்ற கேள்வியே முதலில் வைக்கப்படுகிறது. அது சோதனைக் கருவியில் பிறந்திருக்கலாம், மூலப்பொருளோடு வந்திருக்கலாம், வினையில் உருவாகியிருக்கலாம், பிரித்தெடுக்கும்போதோ உலர்த்தும்போதோ சேமிப்பிலோ தோன்றியிருக்கலாம். நீக்கும் முறை அதற்கேற்ப அடியோடு மாறும்.

அறிகுறி எதுவாயினும், ரியாக்டரைத் தொடுவதற்கு முன் தவறிய பேட்ச்சின் மாதிரியையும், கடைசியாகத் தேறிய பேட்ச்சின் பாதுகாப்பு மாதிரியையும், இரண்டிலும் பயன்பட்ட மூலப்பொருள்களின் லாட் எண்களையும், இரண்டு பேட்ச் பதிவேடுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மாதிரிகளையும் ஹெச்.பி.எல்.சி. (உயர்திறன் நீர்ம நிறப்பிரிகைக்) கருவியில் ஒரே நாளில், ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். சென்ற மாதம் எடுத்த குரோமட்டோகிராமையும் (பிரிந்த கூறுகளைக் காட்டும் வரைபடத்தையும்) இன்று எடுத்ததையும் ஒப்பிட்டு எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை. இடையில் பத்தி (கூறுகளைப் பிரிக்கும் குழாய்) மாறியிருக்கும், பஃபர் மாறியிருக்கும், சில நேரம் உணரியின் விளக்கே மாறியிருக்கும்.

வரம்புகளைப் பற்றியும் ஒரு சொல் தேவை. மருந்துத் தர விதிகளை நாடுகளிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.ஹெச். அமைப்பின் க்யூ3ஏ வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2 கிராம் வரை உட்கொள்ளப்படும் மருந்தில் ஒரு மாசு 0.05 விழுக்காட்டைத் தாண்டினால் அறிக்கையில் காட்ட வேண்டும், 0.10 விழுக்காட்டையோ நாளுக்கு 1 மில்லிகிராமையோ, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால், கட்டமைப்பைக் கண்டறிய வேண்டும், 0.15 விழுக்காட்டையோ 1 மில்லிகிராமையோ தாண்டினால் பாதுகாப்பை நிறுவ வேண்டும். இந்த எண்கள் இறுதி மருந்து மூலப்பொருளுக்கு உரியவை. அவற்றை அப்படியே இடைநிலைப் பொருளின் ஸ்பெக்கில் எழுதிவைப்பது நம் பக்கத்தில் பரவலாக இருக்கும் வழக்கம். அதனால் நல்ல சரக்கு வீணாகிறது. மாறாக, பின்வரும் படிநிலைகள் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று வாய்வார்த்தையாக நம்பித் தளர்த்துவது ஆபத்து. குறிப்பிட்ட மாசை 1 விழுக்காடு, 2 விழுக்காடு என்று வேண்டுமென்றே சேர்த்து, அடுத்த படிநிலைகளை ஆய்வகத்தில் நடத்திப் பார்த்து, எத்தனை மடங்கு குறைகிறது என்று அளந்த பிறகே வரம்பை எழுதுவது முறை. பத்து மடங்கு குறையும் என்று நிரூபணமானால் இடைநிலையில் 1 விழுக்காடு என்பது இறுதியில் 0.1 விழுக்காடாகும், அப்போது அந்த எண்ணுக்கு ஓர் அடிப்படை இருக்கும்.

முன்பு இல்லாத பீக் (வரைபட முகடு) ஒன்று தோன்றுகிறது

மாதிரியைச் செலுத்தாமல் கரைப்பானை மட்டும் செலுத்தி ஒரு பிளாங்க் ஓட்டுங்கள். அதே நேரத்தில் அதே பீக் வந்தால் உங்கள் பேட்ச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கரைப்பான் விகிதத்தைப் படிப்படியாக மாற்றும் கிரேடியன்ட் முறையில் இது அடிக்கடி நேரும். மொபைல் ஃபேஸில் (பத்தி வழியே ஓடும் கரைப்பானில்) பயன்படும் நீரில் உள்ள கரிமப் பொருள்கள் சமநிலைப்படுத்தும் நேரத்தில் பத்தியின் தலைப்பகுதியில் சேர்ந்துகொண்டே இருந்து, அசிட்டோநைட்ரைலின் விகிதம் ஏறும்போது ஒரே பீக்காக வெளிவரும். இதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு: சமநிலைப்படுத்தும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்; பீக்கின் பரப்பும் ஏறத்தாழ இரட்டித்தால் குற்றவாளி நீர்தான். டெட்ராஹைட்ரோஃபியூரான் கலந்த மாதிரியில் அதன் நிலைநிறுத்தியான பியூட்டைலேற்றிய ஹைட்ராக்சிடொலுவீன் (பி.ஹெச்.டி.) தனிப் பீக்காகத் தெரியும். அதை மாசு என்று எண்ணிப் பல நாள் தேடியவர்கள் உண்டு. முந்தைய மாதிரியின் எச்சம் ஊசியில் தங்கியிருந்தால், அடுத்தடுத்து இரண்டு பிளாங்க் ஓட்டும்போது இரண்டாவதில் பீக் தெளிவாகச் சிறுத்துவிடும்.

பிளாங்க் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் மாதிரிக் கரைசலின் மீது விழ வேண்டும். ஒரே குப்பியிலிருந்து உடனேயும், 6 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம் கழித்தும் செலுத்திப் பாருங்கள். பீக் வளர்ந்துகொண்டே போனால் மாசு குப்பிக்குள் பிறக்கிறது. அமில குளோரைடையோ கிளர்வூட்டிய எஸ்டரையோ மெத்தனாலில் கரைத்தால் அது மெத்தில் எஸ்டராக மாறுவது இயல்பு. அமில குளோரைடு தேவையான அளவு உருவானதா என்று பார்க்க இதே வினையை வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம், ஆனால் மாசுச் சோதனையில் அது பொய் சொல்லும். குளிரூட்டும் வசதியில்லாத ஆட்டோசாம்ப்ளரில் (மாதிரிகளைத் தானாகச் செலுத்தும் பகுதியில்), சித்திரை மாதத்து இரவு முழுவதும் வரிசையில் காத்திருக்கும் குப்பிகளை இந்தக் கண்ணோட்டத்தோடு பாருங்கள். கரைப்பானை மாற்றியோ, ஒவ்வொரு மாதிரியையும் செலுத்துவதற்குச் சற்று முன் கரைத்தோ இதைத் தீர்க்கலாம்.

இந்த இரண்டு வாயில்களையும் தாண்டி வந்த பீக் உண்மையானது. இனி மூலப்பொருளுக்கு வாருங்கள். விற்பனையாளரின் சி.ஓ.ஏ.வில் (பகுப்பாய்வுச் சான்றிதழில்) 99.5 விழுக்காடு என்று எழுதியிருப்பது போதாது, எஞ்சிய 0.5 விழுக்காட்டில் இருப்பது எது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. பாராசிட்டமால் தயாரிப்பு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பாரா-நைட்ரோகுளோரோபென்சீனை நீராற்பகுத்துப் பாரா-நைட்ரோஃபீனாலாக்கி, அதை ஒடுக்கிப் பாரா-அமினோஃபீனாலாக்கி, அசிட்டைலேற்றம் செய்து பாராசிட்டமாலைப் பெறும் வழியில், முதல் படியில் வினைபுரியாமல் நின்ற சிறிதளவு நைட்ரோகுளோரோபென்சீன் சும்மா இருப்பதில்லை. ஒடுக்கத்தில் அது பாரா-குளோரோஅனிலீனாகிறது, அசிட்டைலேற்றத்தில் பாரா-குளோரோஅசிட்டனிலைடாகிறது. ஐரோப்பிய மருந்துநூலில் குளோரோஅசிட்டனிலைடுக்கு 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), பாரா-அமினோஃபீனாலுக்கு 50 பி.பி.எம். என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இறுதிப் படியில் நின்றுகொண்டு முந்தைய பொருளின் பெயரில் மாசைத் தேடினால் அகப்படாது. அது வேடம் மாற்றிக்கொண்டு வந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு மூலப்பொருள் மாசையும் எடுத்துக்கொண்டு, பின்வரும் ஒவ்வொரு வினையிலும் அது என்னவாக மாறக்கூடும் என்று தாளில் வரைந்து வைப்பது, கருவி வாங்குவதைவிட மலிவான, பல நேரங்களில் அதைவிடப் பயனுள்ள வேலை.

அப்படியும் அடையாளம் தெரியாவிட்டால், பிரித்த கூறுகளின் நிறையை அளக்கும் எல்.சி.-எம்.எஸ். தேவைப்படும். சிறிய ஆலைகள் இதற்கு வெளி ஆய்வகங்களையே நம்பியிருக்கின்றன. அனுப்பும் மாதிரி வடிகட்டிய கட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்க்கரைசலில் (படிகத்தைப் பிரித்தபின் எஞ்சும் நீர்மத்தில்) அந்த மாசு பெரும்பாலும் பன்மடங்கு செறிந்திருக்கும் என்பதால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். ஃபாஸ்பேட் பஃபர் நிறை நிறமாலைமானிக்கு ஆகாது. ஆவியாகக்கூடிய அம்மோனியம் ஃபார்மேட் போன்றவற்றுக்கு மாற்றும்போது பீக்குகளின் வரிசை இடம் மாறலாம். எனவே பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் அளக்கும் பி.டி.ஏ. உணரியில் கிடைத்த புற ஊதா நிறமாலையை ஒப்பிட்டு, அதே பீக்கைத்தான் பார்க்கிறோம் என்று உறுதிசெய்ய வேண்டும். விடை வந்ததும் உங்கள் பொருளின் நிறையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 14 கூடியிருந்தால் ஒரு மெத்திலீன் அளவு கூடுதல். 16 கூடியிருந்தால் ஆக்சிஜனேற்றம். 42 கூடியிருந்தால் பெரும்பாலும் அசிட்டைல். 18 குறைந்திருந்தால் நீர் இழப்பு. இரு மடங்கை ஒட்டியிருந்தால் இருபடி. 22 கூடியிருந்தால் அவசரப்படாதீர்கள். புரோட்டானுக்குப் பதிலாகச் சோடியம் ஒட்டிய உங்கள் பொருளேயாக அது இருக்கலாம். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரண்டு நிறை வேறுபாட்டில் இரட்டைக் கோடு தெரிந்தால் மூலக்கூறில் ஒரு குளோரின் இருக்கிறது.

தெரிந்த மாசுதான், ஆனால் பேட்ச்சுக்குப் பேட்ச் ஏறுகிறது

ஒரே பேட்ச்சில் திடீரென்று எகிறினால் மனிதரையோ மூலப்பொருளையோ சந்தேகிக்கலாம். 0.08, 0.11, 0.13, 0.16 என்று படிப்படியாக ஏறினால் மறுசுழற்சியைச் சந்தேகியுங்கள். தாய்க்கரைசலை அடுத்த பேட்ச்சில் சேர்ப்பதும், கரைப்பானை வடித்து மீட்டுப் பயன்படுத்துவதும் செலவைக் குறைக்கும் நியாயமான வழிகளே; அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பேட்ச்சும் தாய்க்கரைசலில் 10 கிராம் மாசைச் சேர்க்கிறது என்றும், அந்தக் கரைசலில் 80 விழுக்காட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறீர்கள் என்றும் கொள்வோம். படிகத்தோடு எதுவும் வெளியேறாவிட்டால் தாய்க்கரைசலில் மாசு 50 கிராம் வரை ஏறி அங்கே நிலைபெறும். 90 விழுக்காடாகக் கூட்டினால் அது 100 கிராமாகும். பத்து விழுக்காடு கூடுதல் மீட்புக்கு இரு மடங்கு மாசு என்பது இந்த வணிகத்தின் விலை. படிகமாக்கல் 50 கிராமைத் தாங்கும், 100 கிராமைத் தாங்காது என்ற எல்லையில்தான் பெரும்பாலான ஆலைகள் தடுமாறுகின்றன.

காரணத்தை உறுதிசெய்ய, புதிய கரைப்பானும் புதிய தாய்க்கரைசலும் கொண்டு ஒரு பேட்ச்சை ஆய்வக அளவில் ஓட்டுங்கள். மாசு பழைய நிலைக்கு இறங்கினால் விடை கிடைத்துவிட்டது. பிறகு எத்தனை முறை மறுசுழற்சி செய்யலாம் என்ற எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதைவிட நல்லது, தாய்க்கரைசலில் அந்த மாசுக்கே ஒரு வரம்பு வைத்து, தாண்டினால் கழித்துவிடுவது. மீட்ட கரைப்பானின் ஜி.சி. (வளிம நிறப்பிரிகை) தூய்மை 99 விழுக்காடு என்பதை வைத்து மட்டும் தேர்ச்சி கொடுக்காதீர்கள். டைமெத்தில் ஃபார்மமைடு சூட்டில் சிதைந்து டைமெத்திலமீனைத் தரும். அசிட்டோன் காரத்திலோ அமிலத்திலோ தன்னோடு தானே இணைந்து டைஅசிட்டோன் ஆல்கஹாலாகவும் மெசிட்டைல் ஆக்சைடாகவும் மாறும். எத்தில் அசிட்டேட்டில் முதன்மை அமீனை வெதுவெதுப்பாக நிறுத்திவைத்தால் மெல்ல அசிட்டமைடு உருவாகும். இவற்றில் எது உங்கள் வினையில் பங்கெடுக்கும் என்று பார்த்து, அதற்குத் தனிச் சோதனை வையுங்கள். ஒரு பொருளின் கரைப்பானை வேறொரு பொருளின் வரிசைக்கு மாற்றுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது கடைசி அறிகுறியில் விளங்கும்.

வெண்மையாக வர வேண்டிய பொருள் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ வருகிறது

அரோமாட்டிக் அமீன்களும் அமினோஃபீனால்களும் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து நிறமேறுவது பழகிய செய்தி. நிறம் தரும் பொருள் 0.01 விழுக்காடுகூட இராது என்பதால் ஹெச்.பி.எல்.சி.யில் எதுவும் தெரியாமலே போகலாம். நிறம் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். சென்ட்ரிஃபியூஜில் வெள்ளையாக இருந்து ட்ரையரில் சிவந்தால் காற்றும் சூடும் காரணம். நைட்ரஜன் போர்வையும் குறைந்த வெப்பநிலை வெற்றிட உலர்த்தலும் உதவும். ரியாக்டரிலேயே கறுத்தால் இரும்பைத் தேடுங்கள். துருப்பிடிக்காத எஃகு ரியாக்டரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் குழிவிழுந்து இரும்பு கரையும். ஃபீனால் தொகுதி உள்ள பொருளில் அது ஊதா நிறம் தரும். கண்ணாடிப் பூச்சு ரியாக்டரில் இரும்பு தென்பட்டால் பூச்சில் பழுது இருக்கக்கூடும். பூச்சின் துளைகளைக் காட்டும் தீப்பொறிச் சோதனை செய்யாமல் அடுத்த பேட்ச்சை ஏற்றாதீர்கள். சாம்பல் நிறம் என்றால், பல்லேடியம் வினையூக்கி பயன்படும் வரிசையில், நுண்ணிய பல்லேடிய உலோகம் வடிகட்டியைத் தாண்டியிருக்கலாம். வாய்வழி மருந்தில் அதற்கு அனுமதிக்கப்பட்ட நாளளவு 100 மைக்ரோகிராம். கிளர்வூட்டிய கரி நிறத்தை நீக்கும், ஆனால் காரணத்தை நீக்காது. கரியின் அளவு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவதைப் பதிவேட்டில் கண்டால் அதுவே தனி அறிகுறி.

ஹெச்.பி.எல்.சி. தூய்மை 99.6, அஸே 96

அஸே என்பது எடையளவில் உண்மையாக இருக்கும் பொருளின் விழுக்காடு. ஹெச்.பி.எல்.சி. தூய்மையாகக் காட்டும் பரப்பு விழுக்காடு என்பது உணரியின் கண்ணுக்குத் தெரிந்தவற்றுக்குள் மட்டும் போடப்பட்ட பங்கீடு. நீர், கரைப்பான், உப்பு ஆகிய மூன்றும் புற ஊதா உணரிக்குப் பெரும்பாலும் தெரியாதவை. கார்ல் ஃபிஷர் முறையில் நீரையும், ஹெட்ஸ்பேஸ் ஜி.சி.யில் கரைப்பானையும், 600 பாகை செல்சியஸில் எரித்த சல்ஃபேட் சாம்பலில் கனிமங்களையும் அளந்து கூட்டுங்கள். 96-உடன் இவை சேர்ந்து 100-ஐ நெருங்கினால் கணக்கு முடிந்தது. நெருங்காவிட்டால், குறைந்த புற ஊதா உறிஞ்சலுள்ள கரிம மாசு ஒன்று பரப்பில் சிறுத்துத் தெரிகிறது என்று பொருள். அதன் தூய மாதிரியைக் கொண்டு சார்பு ஏற்புக் காரணியை (அதே அளவு உங்கள் பொருளோடு ஒப்பிட, உணரி காட்டும் பரப்பின் விகிதத்தை) கண்டறிய வேண்டும். அந்தக் காரணி 0.2 என்றால் குரோமட்டோகிராமில் 0.3 விழுக்காடாகத் தெரிவது உண்மையில் 1.5 விழுக்காடு. உணரியின் அலைநீளத்தைத் தாழ்த்தி 210 நானோமீட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் மறைந்திருப்பவற்றை வெளிக்கொணரும்.

சாம்பல் கூடியிருந்தால் நம் ஊரின் தண்ணீரைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் மேக்னசைட் குன்றுகள் மெக்னீசியம் கார்பனேட்டால் ஆனவை. இந்த வட்டாரத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீர்தான் வரும். கார்பாக்சிலிக் அமில இடைநிலைப் பொருளின் சோடியம் உப்பை அந்த நீரில் கரைத்து வடிகட்டி அமிலமாக்கும் வரிசையில், கரையாத கால்சியம் உப்பு சிறிதளவு படிகத்துக்குள் அகப்பட்டுக்கொள்ளும். கட்டியைக் கடைசியாகக் கழுவும் நீரும் அப்படியே. ஈரக்கட்டியில் தங்கிய நீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு ஆவியாகாது. முதல் கழுவல்களுக்குக் கிணற்று நீரும் கடைசிக் கழுவலுக்குக் கனிமம் நீக்கிய நீரும் என்று பிரித்துக்கொண்டாலே பல இடங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். ஜவ்வரிசி ஆலையில் மாவுப்பாலைத் தெளியவிட்டு மேல்நீரை வடித்து மறுபடி நீர் விடுவதைப் போல, ஒரே முறை நிறைய நீர் விடுவதைவிடச் சிறுசிறு பங்காகப் பலமுறை விட்டுக் கழுவுவதே கரைந்த உப்பை அகற்றும். சென்ட்ரிஃபியூஜில் கட்டி வெடித்து விரிசல் விட்டிருந்தால் கழுவும் நீர் விரிசல் வழியே ஓடிவிடும் என்பதையும் ஷிஃப்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கோடையிலோ மழைக்காலத்திலோ மட்டும் தவறுகிறது

பருவத்தோடு ஏறி இறங்கும் மாசு ஏறக்குறைய எப்போதும் வெப்பத்தின் அல்லது ஈரத்தின் பிள்ளை. கடந்த இரண்டு ஆண்டு முடிவுகளை மாதவாரியாக ஒரு வரைபடத்தில் குறித்தால் சில நிமிடங்களில் இது புலப்படும். ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு.

வெப்பம் உமிழும் வினையில் சேர்ப்பு வேகம் நேரத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டிருந்தால், மே மாதத்தில் குளிர்விக்கும் நீர் சூடாக வரும்போது உள்வெப்பநிலை ஐந்து, பத்து பாகை ஏறிவிடும். நைட்ரோ ஏற்றத்தில் அது இரட்டை நைட்ரோ சேர்மத்தையும் மாற்றியங்களின் விகித மாற்றத்தையும் தரும். ஆல்கைல் ஏற்றத்தில் இரண்டாவது ஆல்கைல் தொகுதி ஏறும். குளிர்விப்புக் கோபுரம் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே நீரைக் கொண்டுபோக முடியாது. ஆகவே உலர்ந்த கடும் வெயில் நாளைவிட, மழை வருமுன் புழுங்கும் நாளில் கோபுரம் மோசமாக வேலை செய்வது வியப்பில்லை. வெளிவெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது புதிராகத் தெரியும். தீர்வு, சேர்ப்பை நேரத்தால் கட்டுப்படுத்தாமல் உள்வெப்பநிலையால் கட்டுப்படுத்துவது. 10 பாகைக்குக் கீழே வேண்டிய வினைக்குக் கோபுர நீரை நம்பாமல் உவர்நீர்க் குளிர்விப்பானைப் பயன்படுத்துவது. வினை தொடங்காமல் வினைப்பொருள் சேர்ந்துகொண்டே போகும் அளவுக்குக் குளிர்த்துவிடக் கூடாது. பின்பு ஒரேயடியாகக் கிளம்பும்போது மாசு மட்டுமல்ல, ரியாக்டரே கையை மீறும். மின்தடையில் கலக்கி நின்றுபோனால் சேர்ப்பும் தானாக நிற்கும்படி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கலக்கி நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருந்த புனல், பதிவேட்டில் இடம்பெறாத காரணங்களில் முதன்மையானது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிக்கல் எழுந்தால் ஈரத்தைத் தேடுங்கள். தயோனைல் குளோரைடு, அமில குளோரைடுகள், சோடியம் மெத்தாக்சைடு, கிரிக்னார்டு வினைப்பொருள் ஆகியவற்றைக் கையாளும் இடத்தில் நீர் நுழைந்தால் வினைபுரியாத அமிலமோ தொடக்கப் பொருளோ மிஞ்சும். டிரம்மைத் திறந்துவைத்த நேரமும் கரைப்பானின் கார்ல் ஃபிஷர் அளவும் பதிவேட்டில் இருந்தால் காரணம் அன்றே அகப்படும்.

மறுபடிகமாக்கியும் குறையவில்லை

ஒரு மாசு படிகத்தோடு மூன்று விதமாக இருக்க முடியும். மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் நன்றாகக் கழுவினாலே போகும். படிகம் வேகமாக வளர்ந்து தாய்க்கரைசலை உள்ளே சிறைப்படுத்தியிருந்தால் கழுவலுக்கு அசையாது. ஆனால் மெதுவாகக் குளிர்த்து, விதைப் படிகம் இட்டு மறுபடிகமாக்கினால் போகும். மாசின் மூலக்கூறு உங்கள் பொருளின் மூலக்கூற்றைப் போலவே வடிவங்கொண்டு படிக அணியிலேயே இடம்பிடித்திருந்தால் அதே கரைப்பானில் எத்தனை முறை செய்தாலும் சிறிதளவே குறையும், விளைச்சல்தான் கரையும். மூன்றில் எது என்று அறிய, கட்டியைக் கரைக்காமல் அதே குளிர்ந்த கரைப்பானில் ஒரு மணி நேரம் கூழாகக் கலக்கி வடிகட்டிப் பாருங்கள். நன்றாகக் குறைந்தால் முதலாவது. குறையாவிட்டால் அரைத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். அரைத்தபின் குறைந்தால் இரண்டாவது. அப்போதும் அசையாவிட்டால் மூன்றாவது. கரைப்பானை மாற்றுவது, உப்பாக்கிப் படிகமாக்குவது, அல்லது பொருளுக்கும் மாசுக்கும் அமில கார இயல்பில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு பி.ஹெச். மாற்றிக் கழுவுவது என்ற வழிகளே மீதி.

குளிர்க்கும்போது படிகமாகாமல் எண்ணெயாகப் பிரிந்து பின்னர் இறுகும் பேட்ச்சுகளில் மாசு எப்போதும் கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் அந்த எண்ணெய்த் துளி மாசுக்கும் நல்ல கரைப்பான். எண்ணெயாகும் வெப்பநிலைக்கு மேலேயே விதையிட்டுக் காத்திருப்பதும், எதிர்க்கரைப்பானை (பொருளைக் கரைக்காத கரைப்பானை) மெல்லச் சேர்ப்பதும் இதற்கு மருந்து. இடம்மாறிய மாற்றியங்கள் சாதாரண சி-18 பத்தியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தூய பீக்காகத் தோன்றலாம். ஆடிப்பிம்ப மாற்றியம் சாதாரண பத்தியில் பிரியாது, அதற்கு ஆடிப்பிம்ப வடிவங்களைப் பிரிக்கும் கைரல் பத்தி போன்ற தனி வழி வேண்டும். உருகுநிலை வீச்சு அகலமாக இருந்தும் குரோமட்டோகிராம் அழகாக இருந்தால், குரோமட்டோகிராமைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கரைப்பான் மிச்சம் இறங்க மறுக்கிறது

ஐ.சி.ஹெச். க்யூ3சி வரம்புகளில் மெத்தனாலுக்கு 3000, டொலுவீனுக்கு 890, டைகுளோரோமீத்தேனுக்கு 600, அசிட்டோநைட்ரைலுக்கு 410 பி.பி.எம்.; பென்சீனுக்கு 2 மட்டுமே. உலர்த்தும் நேரத்தைக் கூட்டும்போது அளவு இறங்கிக்கொண்டே வந்தால் நேரமும் வெற்றிடமும் போதவில்லை. தட்டுகளில் கட்டியின் தடிமனைக் குறைத்து இடையில் கிளறிவிடுங்கள். ஓர் எண்ணில் வந்து நின்றுவிட்டால் கரைப்பான் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கிறது. சூட்டைக் கூட்டிப் பொருளைச் சிதைப்பதைவிட, ஈரமூட்டிய நைட்ரஜனைச் செலுத்துவதோ வேறு கரைப்பானில் கூழாக்குவதோ பலன் தரும். நீங்கள் பயன்படுத்தவே செய்யாத பென்சீன் தென்பட்டால், அது டொலுவீனோடு கலந்து வந்ததா என்று டொலுவீன் டிரம்மின் தரத்தைப் பாருங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை

மிகக் கவலைக்குரியது இதுதான். பி.பி.எம். அளவிலும் அதற்குக் கீழும் தீங்கு செய்யக்கூடிய மரபணு நச்சு மாசுகள் வழக்கமான ஹெச்.பி.எல்.சி. சோதனையில் தலைகாட்டுவதில்லை. ஐ.சி.ஹெச். எம்7 வழிகாட்டுதல் இவற்றுக்கு வாழ்நாள் முழுதும் உட்கொள்ளும் மருந்தில் நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராம் என்ற அளவை வைக்கிறது. நாளுக்கு ஒரு கிராம் உட்கொள்ளும் மருந்தில் அது 1.5 பி.பி.எம். நைட்ரோசமீன்கள் இந்தச் சலுகைக்கும் வெளியே நிற்பவை. அவற்றில் ஒன்றான என்.டி.எம்.ஏ.வுக்கு நாளுக்கு 96 நானோகிராம் என்பதால், 320 மில்லிகிராம் வரை உட்கொள்ளும் இரத்த அழுத்த மருந்தான வால்சார்ட்டனில் அது 0.3 பி.பி.எம். ஆகிறது.

2018-இல் வால்சார்ட்டன் மருந்துகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதன் பின்னணியை ஒவ்வோர் உற்பத்தி வேதியியலாளரும் அறிந்திருக்க வேண்டும். டெட்ரசோல் வளையத்தை உருவாக்கும் படியில் டைமெத்தில் ஃபார்மமைடு கரைப்பானாக இருந்தது. மிஞ்சிய அசைடை (வளையத்தை உருவாக்கப் பயன்பட்ட வினைப்பொருளை) அழிக்கச் சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் சேர்க்கப்பட்டன. கரைப்பானிலிருந்த டைமெத்திலமீனும் நைட்ரஸ் அமிலமும் சந்தித்ததில் என்.டி.எம்.ஏ. பிறந்தது. தனித்தனியே ஒவ்வொரு முடிவும் வினைக்கு நியாயமானது, சேர்ந்தபோதுதான் கேடு. 2007-இல் ஐரோப்பாவில் நெல்ஃபினாவிர் என்ற ஹெச்.ஐ.வி. மருந்து திரும்பப் பெறப்பட்டபோதும் மெத்தேன்சல்ஃபோனிக் அமிலத்தின் தேக்கத் தொட்டியில் தங்கிய எத்தனால்தான் மரபணு நச்சான எத்தில் மெசிலேட்டை உண்டாக்கியது என்று கண்டறியப்பட்டது. மீட்ட கரைப்பானை வரிசை மாற்றிப் பயன்படுத்த வேண்டாம் என்று முன்பு எழுதியது இதனால்தான். உங்கள் வரிசையில் நைட்ரைட்டே இல்லாதிருக்கலாம். கரைப்பானை வாங்கிய இடத்தின் பழைய வரிசையில் அது இருந்திருக்கலாம்.

இங்கே கண்டறியும் கருவி முதலில் தாளும் பேனாவும்தான். எல்லாப் படிகளின் வினைப்பொருள்கள், கரைப்பான்கள், அழிப்பான்கள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் எழுதி, இரண்டாம்நிலை அமீனும் நைட்ரைட்டும், சல்ஃபோனிக் அமிலமும் ஆல்கஹாலும், அரோமாட்டிக் நைட்ரோவும் ஒடுக்கியும் எங்கெங்கே சந்திக்கின்றன, ஒரு படியின் மிச்சம் அடுத்த படிக்குத் தப்பிச் சென்று சந்திக்க முடியுமா என்று குறியுங்கள். சந்திப்பு இருந்தால் எம்7 நான்கு வழிகளைத் தருகிறது: இறுதிப் பொருளிலேயே சோதிப்பது, இடைநிலையில் இறுதி வரம்பையே வைத்துச் சோதிப்பது, பின்வரும் படிகள் எவ்வளவு நீக்கும் என்று நிறுவி, இடைநிலையில் தளர்ந்த வரம்பு வைப்பது, எந்தச் சோதனையும் இன்றிச் செயல்முறைக் கட்டுப்பாட்டால் மட்டும் உறுதியளிப்பது. சிறு ஆலைக்கு மூன்றாவது வழி பெரும்பாலும் கட்டுப்படியாகும். நான்காவதைத் தேர்ந்தெடுக்க அளவுக்கு மீறிய நீக்கத் தரவு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தச் சந்திப்பையே தவிர்க்கும்படி வினைப்பொருளை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அசைடை அழிக்கும் தொட்டியைப் பொருள் நீங்கிய பின் தனியே வைப்பது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

எந்த அறிகுறிக்கும் திருத்தம் கண்டபின் அதை மாற்றக் கட்டுப்பாட்டுப் படிவத்தில் பதிந்து, மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் வாடிக்கையாளருக்கு, அடுத்த லோடு ஏறுவதற்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். கரைப்பானின் விற்பனையாளரை மாற்றியதும் இதில் அடங்கும். திருத்திய பின் வரும் முதல் சில பேட்ச்சுகளில் கட்டியோடு தாய்க்கரைசலையும் சோதித்து, இரண்டிலும் மாசின் மொத்த நிறையைக் கூட்டிப் பாருங்கள். கட்டியில் மட்டும் குறைந்து தாய்க்கரைசலில் அதே அளவு கூடியிருந்தால் நீங்கள் பிரித்தெடுப்பைத்தான் சீர்செய்திருக்கிறீர்கள். மாசு இன்னும் வினையில் பிறந்துகொண்டுதான் இருக்கிறது. மொத்தமே குறைந்திருந்தால் மட்டும் அந்த விலகல் அறிக்கையை மூடுங்கள்.